நந்தன் கொடுத்த தோல்

போன மாதம் ஒரு இசைக்கல்லூரியில் மாணவர் கச்சேரி. என் நண்பரின் மகள் அங்கே குரலிசை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கொள்ளிடக்கரைப் பக்கம் எங்கள் காலனியிலிருந்து பாட்டுப் படிக்கப் போன முதல் பெண் அவள்தான். அவளுடைய தாத்தா பறையடித்தவர். அப்பா, "இனி எங்க வீட்ல யாரும் சாவுக்கு அடிக்க மாட்டோம்" என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டுக் குச்சியைப் பரணில் போட்டவர். அதற்காக ஒரு வருடம் வேலை கிடைக்காமல் அலைந்தவரும்கூட. அவர் அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கையில் நிகழ்ச்சி நிரல் கொடுத்தார்கள். வர்ணம், வாதாபி கணபதிம், தியாகராஜர் இரண்டு, சியாமா சாஸ்திரி ஒன்று, பிறகு ஒரு ராகம் தானம் பல்லவி, தனி ஆவர்த்தனம். கடைசியில் தமிழ்ப் பாட்டுகள். தமிழ்நாட்டில், தமிழ்ப் பிள்ளைகள் பாடும் கச்சேரியில், தமிழுக்கு இன்னமும் பந்தி முடிந்த பிறகுதான் இலை. அதற்குப் பெயரே 'துக்கடா'. இது பழைய சண்டை, அதை மறுபடி இழுக்க நான் வரவில்லை. அந்தத் துக்கடாக்களில் ஒன்றைப் பற்றித்தான் எழுத வேண்டும். எங்கள் பெண்ணுக்குக் கிடைத்தது அதுதான். 'வருகலாமோ'. கோபாலகிருஷ்ண பாரதியார், மாஞ்சி ராகம்.

நன்றாகப் பாடினாள். பொய் சொல்லவில்லை. மாஞ்சி இழுத்து இழுத்து உருக்குகிற ராகம். அவள் குரலில் அது இறங்கியபோது அரங்கமே 'அடடா' என்றது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் நண்பருக்கும் கண் கலங்கியது. ஆனால் இரண்டு பேரும் அழுதது ஒரே காரணத்துக்காக இல்லை என்று எனக்குத் தோன்றியது.

கச்சேரி முடிந்து காபி குடிக்கும்போது அவளே ஓடி வந்தாள்.

"நல்லா இருந்துச்சா சித்தப்பா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

"சார் ரெண்டு மாசமா 'பாவம் பத்தல, கெஞ்சணும், இன்னும் கெஞ்சு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். யாருகிட்ட கெஞ்சுறோம், எதுக்குக் கெஞ்சுறோம்னு மட்டும் சொல்லவே இல்ல."

இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளை கேட்டதற்கான பதில்தான். சார் சொல்லாததை நாம் சொல்வோம்.

நந்தன் கோயில் வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிறான். பக்தன் பகவானைக் கேட்கும் கேள்வியாக அது மேடையில் ஒலிக்கிறது. ஆத்மா பரமாத்மாவை நாடுகிறது என்று உரை சொல்வார்கள். ஆனால் நந்தன் வெளியே நின்றது ஆத்மாவின் குறையால் அல்ல. அவன் புலையன் என்பதால். வேறு காரணம் எதுவும் சேக்கிழாரிடமும் இல்லை, பாரதியாரிடமும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் எழுதிய சேக்கிழார் இதை மூடி மறைக்கவும் இல்லை. ஆதனூர்ப் புலைப்பாடியை, அதன் குடிசைகளை, குழந்தைகளை, உலர்த்திய தோலை எல்லாம் வரிவரியாகச் சொல்லிவிட்டுத்தான் திருநாளைப்போவாரின் கதைக்கு வருகிறார். தில்லைக்குப் போக ஆசை, போனால் உள்ளே விடமாட்டார்கள், அதனால் 'நாளைக்குப் போவேன்' என்று நாளை நாளையாகத் தள்ளிப்போட்ட மனிதனுக்கு அந்தத் தள்ளிப்போடலே பெயராகிவிட்டது. கடைசியில் என்ன நடக்கிறது? தீ வளர்த்து அதில் மூழ்கி எழச் சொல்லி ஆண்டவன் கனவில் வந்து சொல்கிறான். நந்தன் தீயில் இறங்குகிறான், பூணூல் அணிந்த முனிவராக எழுகிறான், உள்ளே போகிறான், காணாமல் போகிறான். கோயிலுக்குள் போனது நந்தன் இல்லை என்பதைக் கதையே ஒப்புக்கொள்கிறது. நந்தன் நந்தனாக இருக்கும்வரை வாசல் திறக்கவில்லை.

கோபாலகிருஷ்ண பாரதியார் இதை எடுத்துக்கொண்டு ஒரு முக்கியமான மாற்றம் செய்தார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியரை, நந்தனை அடக்கியாளும் பண்ணையாரைக் கதைக்குள் கொண்டுவந்தார். 40 வேலி நிலத்தின் வேலையை ஒரே இரவில் முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று வேதியர் சொல்கிறார். பூதகணங்கள் வந்து முடித்துக் கொடுக்கின்றன. வேதியர் நந்தன் காலில் விழுகிறார். ஒரு பார்ப்பனர் எழுதிய கதையில் இப்படி ஒரு காட்சி வந்தது சின்ன விஷயம் இல்லை. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் கிடையாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கொடுக்கவே முதலில் இழுத்தடித்தார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். நூல் அச்சேறியது 1861இல். சட்டத்தில் அடிமைமுறை ஒழிந்து அப்போது 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம். ஆனால் தஞ்சை வயல்களில் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். பாரதியாரின் வேதியர் புராண காலத்து ஆள் இல்லை. அவர் கண்ணெதிரே நடமாடிய மிராசுதார்.

ஆனால் அந்த மிராசுதாரை வெல்வதற்குப் பாரதியாரிடமும் பூதகணம்தான் இருந்தது. கூலி இல்லை, சங்கம் இல்லை. அதே கீழத்தஞ்சையில் சங்கம் வந்தபோது என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர். அந்தத் தீயிலிருந்து யாரும் முனிவராக எழுந்து வரவில்லை.

இவ்வளவும் 'வருகலாமோ' என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. இதை எடுத்துவிட்டு 'பாவம்' மட்டும் வேண்டுமென்றால், அதற்குப் பெயர் பாவம் இல்லை தோழர்களே.

சரி, இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற ஒரு செய்தி பெரியபுராணத்தில் இருக்கிறது. நந்தன் என்ன வேலை செய்தான்? வயல்வேலை செய்த பண்ணையாள் நந்தன் பாரதியாருடைய நந்தன். சேக்கிழாருடைய நந்தன் கோயில்களுக்குத் தோல் கொடுத்தவன். முரசுகளுக்குப் போர்த்தும் தோல், இழுத்துக் கட்டும் வார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு. இவற்றைக் கோயில் கோயிலாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் தொண்டு. அதாவது உள்ளே இசை நடக்க வேண்டுமென்றால் அவன் கை வேண்டும். அவன் கை பட்ட தோல் கருவறை முன்னே போகலாம். கை போகக்கூடாது.

இப்போது கச்சேரி மேடைக்குத் திரும்புவோம். எங்கள் பெண் வருகலாமோ என்று உருகிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பையன் மிருதங்கம் வாசித்தான். மிருதங்கம் என்பது என்ன? குடைந்த பலாக்கட்டை. இரண்டு பக்கமும் தோல். மாடு, ஆடு, எருமை என மூன்றின் தோலும் அந்த ஒரு வாத்தியத்தில் இருக்கிறது. வலந்தலை நடுவில் தெரியும் கருப்பு வட்டம், ஒருவகைக் கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து படலம் படலமாகத் தேய்த்து ஏற்றியது. எந்தத் தோல் எதற்கு ஆகும் என்பதைப் பச்சைத் தோலைத் தடவிப் பார்த்தே சொல்ல வேண்டும். ரத்தமும் கொழுப்பும் நாற்றமும் உள்ள வேலை. தலைமுறை தலைமுறையாக இதைச் செய்துவருபவர்களில் பெரும்பாலானோர் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதம் என்று இன்றுவரை ரசிகர்கள் உருகுகிறார்களே, அந்த நாதத்தில் பாதி தஞ்சாவூர் பர்லாந்தின் கை. நந்தனின் வேலையை இன்றும் நந்தன்களே செய்துகொண்டிருக்கிறார்கள். பாட்டில் மட்டும்தான் அவன் உள்ளே போய்விட்டான்.

பர்லாந்தைப் பற்றியும் செபாஸ்டியன் குடும்பத்தைப் பற்றியும் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். 2020 தொடக்கத்தில் அதன் வெளியீட்டு விழாவுக்குக் கலாக்ஷேத்ராவின் அரங்கத்தைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தொல். திருமாவளவனும் ராஜ்மோகன் காந்தியும் கலந்துகொள்ளவிருந்த விழா. மாட்டுத்தோல் பற்றிய பகுதி பத்திரிகையில் வந்த கையோடு, 'அரசியல்' இருக்கிறது என்று சொல்லி அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். விழா வேறு இடத்தில் நடந்தது. மாட்டுத்தோல் ஒலித்துக்கொண்டே இருக்கும் அரங்கத்தில் மாட்டுத்தோல் பற்றிப் பேச முடியாது. அதே மாட்டின் தோலைப் பறையில் கட்டினால் சாவு வாத்தியம். வட்டச் சட்டத்தில் கட்டினால் தீட்டு, குடைந்த கட்டையில் கட்டினால் தெய்வீகம். பரணில் குச்சியைப் போட்ட என் நண்பருக்கு இதை யார் விளக்குவது?

எங்கள் பெண்ணின் தேர்வு நோட்டைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். மிருதங்கத்தின் படம் அழகாக வரைந்து பாகங்களைக் குறித்திருக்கிறாள். மரம் என்ன, தோல் என்ன என்று எழுதியிருக்கிறாள். கோபாலகிருஷ்ண பாரதியார் வரலாறு அரைப் பக்கம். மிருதங்கம் செய்பவர் ஒருவர் பெயர்கூட அந்த நோட்டில் இல்லை. வயலின் படிக்கும் பிள்ளைகளுக்கு ஸ்ட்ராடிவாரி பெயர் தெரிகிறது. தஞ்சாவூர்க்காரர் பெயர் தெரியவில்லை.

நாகசுரம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அன்று மாலை கச்சேரி 6 மணிக்கு என்று போட்டிருந்தார்கள். நாங்கள் ஐந்தரைக்கே போய்விட்டோம். வாசலில் ஒரு ஜமக்காளத்தில் நாகசுரம், தவில் பிரிவு மாணவர்கள் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு நிரலில் 'மங்கள இசை' என்று பெயர். கல்யாணி வாசித்த பையனுக்கு இருபது வயதிருக்கும். மூச்சு அப்படி நின்றது. அவன் வாசிக்க வாசிக்க உள்ளே நாற்காலி இழுக்கிற சத்தம், மைக் டெஸ்டிங், சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்குகிறார், சால்வை எங்கே என்று ஒருவர் கத்துகிறார். தவில்காரப் பையன் தீர்மானம் வைத்தபோது கைதட்ட வாசலில் நான்கு பேர்தான் இருந்தோம். சரியாக ஆறு மணிக்கு ஒருவர் வந்து போதும் என்று கையைக் காட்டினார். அவர்களும் அதே கல்லூரி மாணவர்கள். அவர்களும் அதே மூன்று வருடம்தான் படிக்கிறார்கள். மேடையில் ஒரு கீர்த்தனைகூட அவர்களுக்குக் கிடையாது. கல்லூரியே தன் பிள்ளைகளை மேடைக்கானவர்கள், வாசலுக்கானவர்கள் என்று பிரித்து வைத்து, அதைப் பார்வையாளர்களுக்கும் கற்றுக்கொடுக்கிறது. நாகசுரக்காரர் வாசலில் நிற்க வேண்டியவர் இல்லை என்று சண்டை போட்டுக் கோட்டும் கிராப்புமாக மேடை ஏறியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவருடைய தோடியைப் புகழாத வித்துவான் இல்லை. மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது மட்டும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1956இல் செத்தும் போனார்.

இங்கே நம்மவர்களையும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தொடங்கியது பெரிய காரியம். தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் பாடினால்தான் சங்கீதம் என்ற திமிரை அது உடைத்தது. பெரியாரும் குடி அரசும் தோள் கொடுத்தார்கள். 1946இல் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையில் தண்டபாணி தேசிகர் தமிழில் ஒரு பாட்டுப் பாடியதால் மேடை தீட்டுப்பட்டது என்று பேசினார்களே, அதைக் கிழித்துத் 'தீட்டாயிடுத்து' என்று குடி அரசில் எழுதியவர் கலைஞர். இதில் ஒரு வேடிக்கை. அதற்கு நான்கு வருடம் முன்னால் ஜெமினியின் 'நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் இதே தண்டபாணி தேசிகர். திரையில் அவர் வாசலில் நின்று பாடியதைக் கேட்டு எல்லோரும் உருகினார்கள். நிஜத்தில் பாடியபோது தீட்டு. தேசிகர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கூட இல்லை. பாடிய மொழிக்கே அந்த நிலை.

ஆனால் தமிழிசை இயக்கம் எந்த மொழியில் பாடுவது என்று கேட்ட அளவுக்கு, யார் பாடுவது, யார் வாசிப்பது, யார் தோல் கட்டுவது என்று கேட்டதா? தேவாரம் கிடைத்தது, முத்துத்தாண்டவர் கிடைத்தார். பறை எங்கே இருந்தது? இசை வேளாளர்கள் மேடையிலிருந்து தள்ளப்பட்ட வரலாற்றை நாம் உரக்கப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். நாகசுரத்துக்கும் பறைக்கும் நடுவே அவர்கள் ஊரிலேயே போடப்பட்டிருந்த கோடு பற்றி மெதுவாகக்கூடப் பேசுவதில்லை. வாசலில் வாசித்த அந்தப் பையன்களுக்கு வாசல். எங்கள் தாத்தாவுக்கு வாசலும் இல்லை, தெருமுனைதான்.

அப்படியானால் 'வருகலாமோ'வைப் பாடவே கூடாதா என்று கேட்கலாம். என் தோழர்களில் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். கெஞ்சுகிற பாட்டு நமக்கு எதற்கு, அதிலும் நம் பெண் ஏன் பாட வேண்டும் என்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் அவர்களோடு உடன்படவில்லை. நந்தனை விட்டுக்கொடுத்தால் அவன் முழுக்க அவர்களுடையவன் ஆகிவிடுவான். நம் முன்னோர் அவனை விட்டுக்கொடுக்கவில்லை. அயோத்திதாசர் நந்தனைப் பண்ணையாளாக ஏற்கவே மறுத்து, அரசனாக வாசித்தார். சுவாமி சகஜானந்தர் 1916இல், வேறெங்கும் இல்லை, அதே சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். தீயில் குளித்து வா என்று சொன்ன ஊரில், பலகையும் பலப்பமும் எடுத்துக்கொண்டு வா என்றார். எத்தனை பிள்ளைகள் அந்த வாசல் வழியாகப் படித்து மேலே வந்தார்கள்! அதுவும் நந்தன் சரித்திரம்தான். அதற்கு யாரும் கீர்த்தனை போடவில்லை.

பாட்டை நிறுத்த வேண்டாம். பாட்டைச் சுற்றியிருக்கும் மௌனத்தை நிறுத்த வேண்டும். 'இசைக்குச் சாதி ஏது' என்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. மிருதங்கத்துக்கு வார் பிடிக்கப் போகும் தெருவுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள் என்று மட்டும் கேட்பேன். வாசிப்பவர் பலரும் அங்கே போயிருக்கிறார்கள். போனவர்களில் எத்தனை பேர் அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள் என்பதும் அந்தத் தெருவுக்குத் தெரியும்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து அந்தக் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினோம். அடுத்த ஆண்டு நாகசுரம், தவில் மாணவர்களுக்கு மேடையில் ஒரு மணி நேரம் வேண்டும், அரங்கம் நிறைந்த பிறகு. மிருதங்கம் செய்யும் ஒருவரை ஆசிரியராக அழைத்து, மற்ற சிறப்பு விரிவுரையாளர்களுக்குக் கொடுக்கும் அதே ஊதியம் கொடுத்து, மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கவைக்க வேண்டும். 'வருகலாமோ' பாடுவதற்கு முன்னால் நந்தன் ஏன் வெளியே நின்றான் என்று இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். முதல் இரண்டையும் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. மூன்றாவதற்கு, ரசிகர்களின் ரசனைக்கு இடையூறாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

கடிதத்தை நண்பர் வீட்டில் வைத்துப் படித்தோம். எங்கள் பெண் சிரித்தாள். "அவங்க மேடையில வேண்டாம்னா விடுங்க சித்தப்பா. பொங்கலுக்கு நம்ம தெருவுல பாடுறேன், நானே சொல்லிட்டுப் பாடுறேன்" என்றாள். மிருதங்கம் வேண்டாமாம். தாத்தாவின் பறை போதுமாம். தனக்கு அடிக்கத் தெரியாது, பக்கத்து ஊர்க் கலைக்குழுத் தோழர் ஒருவர் வருகிறேன் என்றிருக்கிறார், குச்சி மட்டும் தாத்தாவுடையதாக இருக்க வேண்டும் என்கிறாள். பரணிலிருந்து எடுக்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள்.

அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.